போர்ச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பது எப்படி

போர் தொடங்கிய முதல் வாரத்தில் செய்தி வெள்ளமாக வரும். ஆறு மாதம் கழித்து, அதே போரில் முன்பைவிட அதிகமானவர்கள் இறந்துகொண்டிருக்கும் நாளில், அது உள்பக்கத்தில் நான்கு வரியாகச் சுருங்கிவிடும். இரண்டு வேளையிலும் வாசகருக்கு உண்மை நிலவரம் பிடிபடுவதில்லை: முதலில் தகவல் மிகுதியால், பிற்பாடு தகவல் இல்லாமையால். சர்வதேச அரசியலில் பட்டம் பெறாத, ஆனால் உலகில் நடப்பதைப் பொறுப்போடு அறிந்துகொள்ள விரும்பும் ஒருவர், ஒரு போரை அதன் அரசியலோடும் அதில் சிக்கிய மக்களின் நிலையோடும் சேர்த்துப் பின்தொடர்வதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும் வாரத்தில் ஒரு மணி நேரமும் அவசரப்படாத மனமும் இதற்குப் போதும்.

யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. அது தவிர்க்க முடியாத கேள்வி. அதைக் கேட்காமல் படிப்பது வெறும் வேடிக்கை பார்ப்பதாகிவிடும். ஆனால் அதற்கு விடை சொல்லுமுன், கைக்கு வந்த ஒவ்வொரு தகவலையும் யார் சொன்னார்கள், அவர்களுக்கு அது எப்படித் தெரிய வந்தது, எந்தத் தேதி வரைக்குமான நிலவரம் அது என்ற மூன்றையும் கேட்டுப் பழக வேண்டும். இந்த மூன்றுக்கும் விடை இல்லாத தகவலை மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். நோட்டில் ஓரமாக எழுதி வைத்தால் போதும்.

ஒரு போரைத் தேர்ந்துகொள்ளுதல்

எல்லாப் போர்களையும் ஒருவரால் பின்தொடர முடியாது. ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நிலைத்திருப்பதுதான் பயன் தரும். கேமராக்கள் அதிகம் நிற்காத ஒரு போரை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. உதாரணமாக சூடான்.

நோட்டின் முதல் பக்கத்தில் போரிடுவது யார், எப்போதிலிருந்து, எதற்காக, அவர்களுக்கு ஆயுதமும் பணமும் எங்கிருந்து வருகின்றன என்ற நான்கையும் எழுதுங்கள். சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று மோதல் வெடித்தது. ஒரு பக்கம் ஜெனரல் அப்துல் ஃபத்தா அல் புர்ஹான் தலைமையிலான ராணுவம். மறுபக்கம் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் டகாலோவின் ஆர்.எஸ்.எஃப். என்னும் துணைப்படை. இந்த இருவரும் 2021 அக்டோபரில் ஒன்றாகச் சேர்ந்து ஆட்சியைக் கைப்பற்றியவர்கள். துணைப்படையை எப்போது, யாருடைய கட்டளையின் கீழ் ராணுவத்தோடு இணைப்பது என்பதில் ஏற்பட்ட பிணக்கு தலைநகர் கார்ட்டூமின் தெருக்களில் பீரங்கிச் சண்டையாக முடிந்தது. எகிப்து ராணுவத்தின் பக்கம் நிற்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் அனுப்புவதாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 தொடக்கத்தில் தன் அறிக்கையில் குறிப்பிட்டது. அமீரகம் அதைத் தொடர்ந்து மறுத்து வருகிறது. இவ்வளவையும் எழுதிவிட்டால், "சூடானில் உள்நாட்டுக் கலவரம்" என்று மேலோட்டமாக வரும் செய்தி ஏன் போதாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

நான்காவது கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. தோட்டாக்களையும் டிரோன்களையும் வெளியிலிருந்து வாங்காமல் பல ஆண்டுகள் நீடித்த போர் அபூர்வம். எனவே அந்த வரியை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்.

முதல் நாள் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது

2023 அக்டோபர் 17 அன்று மாலை காசா நகரின் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் அந்த வளாகத்தில்தான் தங்கியிருந்தன. இஸ்ரேலின் வான்தாக்குதலில் 500 பேர் இறந்ததாக காசா சுகாதார அமைச்சகத்தை மேற்கோள் காட்டி முதல் செய்திகள் உலகெங்கும் ஓடின. இஸ்ரேலோ, பாலஸ்தீன இஸ்லாமிய ஜிஹாத் ஏவிய ராக்கெட் ஒன்று வழிதவறி விழுந்ததுதான் காரணம் என்றது. அந்த அமைப்பு அதை மறுத்தது. அமைச்சகம் பின்னர் 471 என்ற எண்ணைக் கொடுத்தது. அமெரிக்க உளவுத்துறையின் கணிப்பு 100 முதல் 300 வரை என்றிருந்தது. கிடைத்த சான்றுகள் பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வகையிலான ராக்கெட்டைச் சுட்டுகின்றன, ஆயினும் முழு விசாரணை தேவை என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அடுத்த மாதம் அறிவித்தது. ஆனால் இவை எல்லாம் வருமுன்பே, அன்றிரவே, அம்மானில் மறுநாள் நடக்கவிருந்த உச்சிமாநாடு ரத்தாகிவிட்டது. அமெரிக்க அதிபர் பைடனை எகிப்து, ஜோர்டான், பாலஸ்தீனத் தலைவர்கள் ஒன்றாகச் சந்திக்கும் வாய்ப்பு அதோடு போயிற்று.

இதிலிருந்து செயல்முறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒரு தாக்குதலைப் பற்றிய முதல் செய்தியில், அது நடந்தது, மக்கள் இறந்தார்கள் என்ற இரண்டும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும்; எத்தனை பேர், செய்தது யார் என்ற இரண்டும் உறுதியாக இருப்பது குறைவு. முந்தைய இரண்டையும் அன்றே எழுதுங்கள். பிந்தைய இரண்டுக்கும் இடம் விட்டு, குறைந்தது இரண்டு நாட்கள் காத்திருங்கள். காத்திருப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று சிலர் கருதுகிறார்கள். பிழையான எண்ணைப் பரப்பிவிட்டால், அது திருத்தப்படும் நாளில் அந்த மரணங்களே பொய் என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக இருக்கும். அதுதான் பெரிய அவமரியாதை.

"கூறப்படுகிறது", "தகவல்கள் தெரிவிக்கின்றன" என்று முடியும் வாக்கியங்களில் சொன்னவர் யார் என்று தேடுங்கள். செய்தியில் அந்தப் பெயர் இல்லையென்றால், பெயர் உள்ள இன்னொரு செய்தி கிடைக்கும் வரை அதை நோட்டில் ஏற்றாதீர்கள்.

படங்களும் காணொளிகளும் இன்னும் விரைவில் ஏமாற்றுபவை. ஆர்மா 3 என்ற வீடியோ விளையாட்டின் காட்சிகள் உண்மையான போர்க்களக் காட்சிகளாகப் பலமுறை பரப்பப்பட்டு, அதைத் தயாரித்த நிறுவனமே 2022-இல் விளக்க அறிக்கை வெளியிட நேர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில், உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி தன் வீரர்களைச் சரணடையச் சொல்வதுபோல டீப்ஃபேக் என்னும், கணினியால் போலியாக உருவாக்கிய ஒரு காணொளி வெளியானது. காட்சியை நிறுத்தி ஒரு படமாக எடுத்து, கூகுள் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். பழைய படமென்றால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் பகிராமல் விடுங்கள். உண்மையான படமாகவே இருந்தாலும், இறந்த குழந்தையின் முகம் அடையாளம் தெரியும்படி இருப்பதைப் பகிரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இறந்தவர்களின் எண்ணிக்கை

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஏனெனில் ஒரு போரைப் பற்றி மக்கள் நினைவில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் ஓர் எண்ணைத்தான்; அந்த எண் எப்படி உருவானது என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

பெயர், வயது, இடம் ஆகியவற்றோடு ஒவ்வொருவராகப் பதிவு செய்து கூட்டிய எண் ஒரு வகை. தனித்தனிச் சம்பவங்களை விசாரித்து உறுதி செய்துகொண்ட எண் இன்னொரு வகை. கிடைத்த பதிவுகளை வைத்து, பதிவாகாதவற்றையும் புள்ளியியல் முறையில் கணித்துச் சொல்வது மூன்றாவது வகை. இவை ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. உக்ரைனில் கொல்லப்பட்ட பொதுமக்களின் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 நவம்பரில் சொன்னபோது, அது தான் சரிபார்த்த எண் மட்டுமே, உண்மை எண் இதைவிட மிக அதிகமாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. மரியுபோல் போல, விசாரிக்க உள்ளே போக முடியாத நகரங்களின் மரணங்களில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் ஏறவில்லை. செய்தித் தலைப்பில் எண் மட்டும் வந்தது. உடன் சொன்ன எச்சரிக்கை பல இடங்களில் வரவில்லை.

சிரியாவில் 2014 ஜனவரியில் ஐ.நா. எண்ணுவதையே நிறுத்திக்கொண்டது, தகவல்களைச் சரிபார்க்க வழியில்லை என்பதால். பின்னர் பல அமைப்புகளின் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்திக் கணித்து, 2011 மார்ச் முதல் 2021 மார்ச் வரையிலான பத்தாண்டில் 3,06,887 பொதுமக்கள் கொல்லப்பட்டதாக 2022 ஜூனில் அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய எண் வராததால் சாவு குறைந்துவிட்டதாக எண்ணியவர்கள் உண்டு. எண் வரவில்லை என்றால் எண்ணுபவர் இல்லை என்றும் பொருள் கொள்ள வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்க முடியாது. 2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா.வும் பெரும்பாலான சர்வதேச உதவி அமைப்புகளும் வெளியேற்றப்பட்டன. அதன் பிறகு அங்கே நடந்ததை எண்ணக்கூடிய வெளியார் ஏறத்தாழ இல்லாமற்போயினர். பொதுமக்கள் யாரும் கொல்லப்படவில்லை என்று இலங்கை அரசு நெடுங்காலம் சாதித்தது. 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் எழுதியது. தங்கள் கையில் இருந்த உயிரிழப்புத் தகவல்களை உரிய நேரத்தில் உலகுக்குச் சொல்லத் தவறினோம் என்பதை ஐ.நா.வின் உள்ளக ஆய்வு அறிக்கையே 2012-இல் ஒப்புக்கொண்டது. சாட்சிகளை வெளியேற்றும் அறிவிப்பு எந்தப் போரில் வந்தாலும், அதை அந்த வாரத்தின் மிக முக்கியமான செய்தியாகக் குறித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

எனவே நோட்டில் ஓர் எண்ணை எழுதும்போது நான்கு கட்டங்கள் போடுங்கள்: எண், சொன்னவர், எந்தத் தேதி வரை, அதில் யார் யார் அடக்கம். நான்காவது கட்டம் பல விவாதங்களைத் தீர்த்துவிடும். காசா சுகாதார அமைச்சகத்தின் எண்ணில் பொதுமக்கள், ஆயுதம் ஏந்தியவர்கள் என்ற பிரிவு கிடையாது. எனவே அத்தனை பேரும் பொதுமக்கள் என்று எழுதுவது தவறு. அதே சமயம், இடிபாடுகளுக்குள் கிடக்கும் உடல்களும் மருந்து கிடைக்காமல் இறந்த நோயாளிகளும் அந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறார்கள். எனவே அது மிகைப்படுத்திய எண் என்று தள்ளிவிடுவதும் தவறு. முந்தைய காசா போர்களில் அந்த அமைச்சகம் தந்த மொத்த எண்ணிக்கை, ஐ.நா. பின்னர் தனியே விசாரித்துக் கண்ட எண்ணிக்கையோடு பெரும்பாலும் ஒத்திருந்தது என்பதையும் அருகில் எழுதி வைக்கலாம்.

பசியை அளக்கும் அளவுகோல்

குண்டுகளால் சாகிறவர்களைவிடப் பசியாலும் நோயாலும் சாகிறவர்கள் அதிகமாக இருக்கும் போர்கள் பல. அந்த மரணங்களுக்கு வெடிச்சத்தம் இல்லாததால் செய்தியும் இல்லை. இவற்றைப் பின்தொடர ஐ.பி.சி. என்னும் ஒருங்கிணைந்த உணவுப் பாதுகாப்பு நிலை வகைப்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் ஐந்து நிலைகள் உண்டு. மூன்றாவது நிலை நெருக்கடி, நான்காவது அவசரநிலை, ஐந்தாவது பேரழிவு. ஒரு பகுதி முழுவதையும் பஞ்சப் பகுதி என்று வகைப்படுத்த மூன்று வரம்புகள் தாண்டப்பட வேண்டும்: குறைந்தது 20 சதவீதக் குடும்பங்களுக்கு உணவு ஏறத்தாழ முற்றிலும் இல்லாத நிலை, குறைந்தது 30 சதவீதக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, 10,000 பேருக்கு நாளொன்றுக்கு குறைந்தது இரண்டு பேர் பட்டினியாலோ அதோடு சேர்ந்த நோயாலோ இறப்பது. மூன்றாவது வரம்பைத் திரும்பவும் படியுங்கள். நாள்தோறும் சாவு விழத் தொடங்கிய பிறகே அது நிறைவேறும். ஆக, பஞ்சம் என்ற அறிவிப்பு வருவது ஆபத்து நெருங்குகிறது என்பதைச் சொல்ல அல்ல. அது வந்து சேர்ந்துவிட்டது என்பதைச் சொல்ல.

சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை அங்கே பஞ்சத்தாலும் கடும் உணவுப் பற்றாக்குறையாலும் சுமார் 2,58,000 பேர் இறந்ததாகப் பிற்பாடு கணிக்கப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அறிவிப்பு வருமுன்பே இறந்துவிட்டிருந்தார்கள். ஆகவே "பஞ்சம் இன்னும் அறிவிக்கப்படவில்லை" என்ற வரியை ஆறுதலாகப் படிக்கக் கூடாது. நான்காம் நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அடுத்த சில மாதங்களுக்கான கணிப்பு என்ன என்ற இரண்டையும் அறிக்கையில் தேடி எடுத்து எழுதுங்கள். உதவி போய்ச்சேர அவகாசம் இருப்பது அந்தக் கட்டத்தில்தான்.

சூடானின் வடக்கு டார்ஃபூரில், எல் ஃபாஷெர் நகருக்கு அருகில் ஜம்ஜம் என்றொரு முகாம் இருந்தது. லட்சக்கணக்கானோர் அதில் தங்கியிருந்தனர். அங்கே பஞ்சம் நிலவுவதாக 2024 ஆகஸ்டில் உறுதி செய்யப்பட்டது. ராணுவத்தின் கையிலிருக்கும் சூடான் அரசு அதை மறுத்ததோடு, அதே ஆண்டு டிசம்பரில் இந்த வகைப்பாட்டு முறையில் பங்கேற்பதையே நிறுத்திவைத்தது. 2025 ஏப்ரலில் ஆர்.எஸ்.எஃப். முகாமைத் தாக்கிக் கைப்பற்ற, பசியோடு இருந்த அந்த மக்கள் மீண்டும் நடக்கத் தொடங்கினார்கள். அக்டோபரில் எல் ஃபாஷெரும் விழுந்தது. காசா நகரை உள்ளடக்கிய பகுதியில் 2025 ஆகஸ்டில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டபோது இஸ்ரேல் அந்த முடிவை நிராகரித்தது. இப்படியொரு மறுப்பு வரும்போது, மறுப்பவர் எந்த எண்ணை, எந்த முறையை மறுக்கிறார், சுயேச்சையான ஆய்வாளர்களையும் செய்தியாளர்களையும் உள்ளே விடுகிறாரா என்று பாருங்கள். கதவைச் சாத்திவைத்துக்கொண்டு சொல்லும் மறுப்புக்கும், திறந்துவைத்துச் சொல்லும் மறுப்புக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது.

ஊரை விட்டுப் போனவர்கள்

2024 முடிவில் உலகெங்கும் வன்முறையாலும் துன்புறுத்தலாலும் இடம்பெயர்ந்திருந்தவர்கள் 12.32 கோடி பேர் என்பது ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்கு. இதை அப்படியே "12 கோடி அகதிகள்" என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களில் 7.35 கோடி பேர் எல்லை தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். இந்தப் பிரிவினை சட்டத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது: எல்லை தாண்டியவருக்கு 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் பாதுகாப்பைக் கோர வழி உண்டு, தாண்டாதவர், பல வேளைகளில் தன்னைத் துரத்திய அதே அரசின் பொறுப்பிலேயே இருந்தாக வேண்டும். செய்தியில் எந்தப் பிரிவைச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, எல்லை தாண்டியவர்கள் எங்கே போனார்கள் என்றும் பாருங்கள். சூடானிலிருந்து வெளியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் சாட், எகிப்து, தெற்கு சூடான் ஆகிய அண்டை நாடுகளில்தான் இருக்கிறார்கள். அகதிகள் பணக்கார நாடுகளை நோக்கியே ஓடுகிறார்கள் என்ற எண்ணம் அந்தப் பட்டியலைப் பார்த்தபின் நிற்காது.

தீர்மானங்களும் நீதிமன்றங்களும்

"ஐ.நா. கண்டனம்" என்ற தலைப்பைப் பார்த்தால், ஐ.நா.வின் எந்த அமைப்பு என்று முதலில் கேளுங்கள். பாதுகாப்புச் சபையில் 15 உறுப்பினர்கள். தீர்மானம் நிறைவேற ஒன்பது ஆதரவு வாக்குகள் வேண்டும், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்றும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. பொதுச்சபையில் 193 நாடுகளுக்கும் சம வாக்கு. ஆனால் அதன் தீர்மானம் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. உக்ரைன் மீதான படையெடுப்பைப் பற்றி 2022 பிப்ரவரி 25 அன்று பாதுகாப்புச் சபையில் 11 ஆதரவு வாக்குகள் விழுந்தும், ரஷ்யாவின் ஒரே எதிர் வாக்கால் தீர்மானம் தோற்றது. ஒரு வாரத்துக்குள் பொதுச்சபை 141 ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 நடுநிலை என்ற கணக்கில் ரஷ்யாவைப் படைகளைத் திரும்பப் பெறக் கோரியது; படைகள் திரும்பவில்லை. ஆனாலும் அந்த வாக்குப் பட்டியல் வீண் அல்ல. யார் நடுநிலை வகித்தார்கள், அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதைப் படித்தால், நாடுகளின் எண்ணெய், ஆயுத, உணவு உறவுகள் வெளிச்சத்துக்கு வரும். இரண்டு வாக்கெடுப்புகளிலும் இந்தியா நடுநிலை வகித்தது. சபையில் தன் பிரதிநிதி தந்த விளக்கத்தைப் படிப்பது, தலையங்கங்களைப் படிப்பதைவிட அதன் நிலையைத் தெளிவாகக் காட்டும்.

நடுநிலை என்பது சில வேளை தலைகீழாகவும் வேலை செய்யும். காசாவில் ரமலான் மாதத்துக்குப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானம் 2024 மார்ச் 25 அன்று 14 ஆதரவு வாக்குகளோடு நிறைவேறியது, முந்தைய தீர்மானங்களை வீட்டோ செய்த அமெரிக்கா அன்று நடுநிலை வகித்ததால்.

நீதிமன்றங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கிறது. அதே நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிக்கிறது. தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது தொடுத்த வழக்கு முன்னதில். 2023 மார்ச்சில் புதினுக்கும் 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்கும் கைது ஆணை பிறப்பித்தது பின்னது. இடைக்கால உத்தரவை இறுதித் தீர்ப்பாகப் படிக்காதீர்கள். தென்னாப்பிரிக்கா வழக்கில் 2024 ஜனவரியில் வந்தது அத்தகைய உத்தரவுதான், இனப்படுகொலை நடந்ததா என்பதை அது முடிவு செய்யவில்லை. கைது ஆணையையும் கைதாகப் படிக்க வேண்டாம். இரண்டாவது நீதிமன்றத்துக்குச் சொந்தக் காவல்துறை கிடையாது. அதன் உறுப்பு நாடான மங்கோலியாவுக்கு 2024 செப்டம்பரில் புதின் சென்று திரும்பினார்.

போர்நிறுத்த அறிவிப்பைப் படிக்கும்போது

அறிவிப்பு வந்த அன்று மகிழ்வதில் தவறில்லை. ஓரிரவு குண்டு விழாமல் இருப்பதும் மனிதர்களுக்குப் பெரிய விஷயம்தான். அதன் பிறகு உடன்பாட்டின் வாசகத்தைத் தேடுங்கள். படைகள் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும், மீறலை யார் கண்காணிப்பார்கள், மீறினால் என்ன நடக்கும், உதவி எந்த வழியாக எவ்வளவு உள்ளே வரும், இது முடிந்ததும் அடுத்த கட்டம் எது என்பவை அதில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அடுத்த கட்டம் "பேச்சுவார்த்தை மூலம் முடிவு செய்யப்படும்" என்றிருந்தால், அந்த இடத்தில்தான் உடன்பாடு முறியும் என்று பென்சிலால் குறித்து வையுங்கள். 2025 ஜனவரி 19 அன்று காசாவில் நடைமுறைக்கு வந்த போர்நிறுத்தம் மூன்று கட்டங்களாக வகுக்கப்பட்டிருந்தது. முதல் கட்டம் 42 நாட்கள். இரண்டாம் கட்டத்தின் விவரங்கள் பேசி முடிக்கப்படாமலே அந்த நாட்கள் கழிந்தன. மார்ச் 18 அன்று தாக்குதல் மீண்டும் தொடங்கியது.

கண்காணிப்பாளர் இருந்தால் மட்டும் போதாது, அவருக்கு அதிகாரமும் வேண்டும். 2002 பிப்ரவரியில் இலங்கையில் கையெழுத்தான போர்நிறுத்தத்தை நார்வே தலைமையிலான கண்காணிப்புக் குழு கவனித்தது. மீறல்களைப் பதிவு செய்ய அதனால் முடிந்தது, தடுக்க முடியவில்லை. 2008 ஜனவரியில் அரசு முறைப்படி விலகியபோது, உடன்பாடு தாளில் மட்டுமே உயிரோடிருந்தது.

தொலைதூர விளைவுகளும் உதவிப் பணமும்

போரின் விளைவைப் போர்க்களத்துக்கு வெளியே தேட, அங்கிருந்து என்ன ஏற்றுமதியாகிறது, அருகில் எந்தக் கடல்வழி செல்கிறது என்ற இரண்டு கேள்விகள் போதும். உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால் பங்குக்கு மேல் ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து அளித்து வந்தன; 2022 மார்ச்சில் உலக உணவு விலைக் குறியீடு அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஜூலையில் இஸ்தான்புல்லில் கையெழுத்தான கருங்கடல் தானிய உடன்பாடு, ரஷ்யா 2023 ஜூலையில் விலகும் வரை, சுமார் 3.3 கோடி டன் தானியத்தை வெளியே கொண்டுவந்தது. 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின், பெரும் கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. எகிப்தின் சூயஸ் கால்வாய் வருவாய் 2024-இல் 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. போரில் பங்கேற்காத ஒரு நாட்டின் கருவூலம் இப்படித்தான் காலியாகிறது.

உதவிப் பணத்தில் கேட்டது, வாக்களித்தது, கொடுத்தது என்று மூன்று எண்கள் உண்டு. மாநாடு முடிந்த அன்று வெளிவருவது நடு எண். கடைசி எண்ணை ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் நிதிப் பதிவேட்டில் மாதம் ஒருமுறை பாருங்கள். 2025-க்கு அந்த அலுவலகம் முதலில் கேட்டது சுமார் 4,700 கோடி டாலர். பெரிய நாடுகள் உதவியை வெட்டியதால், ஜூனில் அதை 2,900 கோடியாகச் சுருக்கியது. தேவை குறைந்ததால் சுருங்கிய எண் அல்ல அது. யாரை விட்டுவிடுவது என்று முடிவு செய்ததால் சுருங்கியது. நீங்கள் நன்கொடை தர விரும்பினால், அந்த நாட்டுக்குள் ஆட்களும் அனுமதியும் இருக்கும் அமைப்பா என்று பார்த்துக் கொடுங்கள். சூடானில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் அவசர உதவிக் குழுக்களின் பொதுச் சமையலறைகள், பெரிய அமைப்புகள் நுழைய முடியாத பகுதிகளிலும் சோறு போட்டன.

நோட்டை எப்போது மூடுவது

சண்டை நின்ற நாளில் மூட வேண்டாம். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்கா வீசிய கொத்துக் குண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் வெடிக்காமல் மண்ணில் தங்கின. அரை நூற்றாண்டு கழிந்தும் அவை வயலில் உழுபவர்களையும் விளையாடும் பிள்ளைகளையும் கொன்றிருக்கின்றன. எனவே கடைசிப் பக்கத்தில் வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி, காணாமற்போனோர் பட்டியல், ஊர் திரும்பியவர்களின் எண்ணிக்கை, பள்ளிகளும் மருத்துவமனைகளும் திறந்திருக்கின்றனவா என்பது ஆகியவற்றுக்குத் தலைப்புகள் இட்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நிரப்புங்கள். அப்போது செய்தித்தாள்களில் ஒன்றும் கிடைக்காது; செஞ்சிலுவைச் சங்கம், அகதிகள் முகமை, உள்ளூர்ச் செய்தியாளர்கள் ஆகியோர் வெளியிடுவதை நேரடியாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். ஊர் திரும்பியவர்கள் என்று ஓர் எண் வந்தால், அவர்கள் தங்கள் வீட்டுக்கே திரும்பினார்களா, வேறொரு முகாமுக்கா, விரும்பிப் போனார்களா, அனுப்பப்பட்டார்களா என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.